இரட்டை டர்போ காரில் பூஸ்ட் வந்து வந்து போவது ஏன்?

அடியோடு கெட்டுப்போன வண்டியில் குறையைப் பிடிப்பது சுலபம். நாலு தடவை நன்றாக இழுத்துவிட்டு ஐந்தாவது தடவை மட்டும் திணறுகிற வண்டிதான் ஆளைப் பாடாய்ப் படுத்தும், அதுவும் மெக்கானிக் பக்கத்தில் உட்கார்ந்ததும் ஒன்றும் தெரியாத பிள்ளை மாதிரி ஓடும். இரட்டை டர்போ ஸ்போர்ட்ஸ் கார்களில் இந்தத் தொல்லை கொஞ்சம் அதிகம். உடனே எல்லோரும் சந்தேகப்படுவது டர்போவைத்தான். ஆனால் பேரிங் போன டர்போ புகை விடும், ஊளையிடும், நாளுக்கு நாள் மோசமாகும். காலையில் கெட்டு மாலையில் தானாகச் சரியாகாது. விட்டுவிட்டு வரும் கோளாறு பெரும்பாலும் டர்போவை மேய்க்கிற சின்ன ஹோஸ்களிலும், மின்காந்தத்தால் திறந்து மூடும் சோலினாய்டு வால்வுகளிலும்தான் ஒளிந்திருக்கும்.

எக்சாஸ்ட் வாயு டர்பைனைச் சுற்றுகிறது, அதே தண்டின் மறுமுனையில் இருக்கும் கம்ப்ரஸர் காற்றை அழுத்தி இன்ஜினுக்குள் தள்ளுகிறது. இந்தக் கூடுதல் அழுத்தம்தான் பூஸ்ட். இதை அப்படியே விட்டால் அழுத்தம் ஏறிக்கொண்டே போய் இன்ஜினையே உடைத்துவிடும். அதனால்தான் வேஸ்ட்கேட் என்ற கதவு. அழுத்தம் ஒரு அளவைத் தாண்டியதும் அது திறந்து, எக்சாஸ்ட்டில் ஒரு பங்கை டர்பைனுக்குப் போகாமல் வெளியே திருப்பிவிடும். கதவைத் திறப்பது டயஃப்ரம் என்ற ஒரு சவ்வு, மூடிவைப்பது ஒரு ஸ்பிரிங். டயஃப்ரத்துக்கு அழுத்தம் கொண்டுபோவது விரல் பருமன்கூட இல்லாத ஒரு ரப்பர் ஹோஸ். நடுவில் ஒரு சோலினாய்டு அந்த அழுத்தத்தில் கொஞ்சத்தைக் கசியவிட்டு, கதவு திறப்பதைத் தள்ளிப்போடும்.

இப்போது அந்த ஹோஸில் ஒரு விரிசல் என்று வையுங்கள். பூஸ்ட் குறையும் என்றுதான் தோன்றும். நடப்பது தலைகீழ். டயஃப்ரத்துக்குச் சேதி போகாததால் கதவு மூடியே கிடக்கும், பூஸ்ட் எகிறும், எல்லை தாண்டியதைப் பார்த்த இசியு, அதாவது இன்ஜினை ஆளும் கணினி, பெட்ரோலை நிறுத்திவிடும். ஓட்டுகிறவருக்குத் தெரிவது ஒரு வெட்டு, அவ்வளவுதான். “பூஸ்ட் போச்சு” என்று சொல்வார், உண்மையில் பூஸ்ட் கூடிப்போய்த்தான் வண்டி தன்னைக் காப்பாற்றிக்கொண்டிருக்கும். இரவுக் குளிரில் மட்டும் இப்படி வெட்டுகிறது என்றால் சந்தேகம் இன்னும் வலுக்கும், குளிர்ந்த காற்று அடர்த்தியானது. ஆனால் எல்லா வண்டியும் ஒரே மாதிரி இல்லை. பிஎம்டபிள்யூவின் என்54 இன்ஜினில் வேஸ்ட்கேட்டை மூடிப்பிடிப்பதே வேக்குவம் என்ற வெற்றிட இழுப்புதான், ஆகவே அங்கே ஹோஸ் கசிந்தால் கதவு சரியாக மூடாது, பூஸ்ட் உண்மையிலேயே குறையும். ஒரே ஓட்டை, எதிரெதிர் அறிகுறி. உங்கள் வண்டி எந்த வகை என்று தெரியாமல் ஸ்பேனரைத் தொடாதீர்கள்.

இரண்டு டர்போவும் சேர்ந்தே சுழலும் வண்டியில் கதை இத்தோடு ஓரளவு முடிந்துவிடும். நிஸ்ஸான் 300இசட்எக்ஸ் மாதிரி, ஆளுக்கு மூன்று சிலிண்டர். ஒன்றன்பின் ஒன்றாக வேலைக்கு வரும் ஏற்பாடுதான் சிக்கலுக்குப் பேர்போனது. 1990களின் மஸ்டா ஆர்எக்ஸ்-7-ஐ எடுத்துக்கொள்ளுங்கள். குறைந்த வேகத்தில் எல்லா எக்சாஸ்ட்டும் முதல் டர்போவுக்கே போகும், சட்டென்று பூஸ்ட் கிடைக்கும். சுமார் 4500 ஆர்பிஎம்மில் இரண்டாவதும் சேர்ந்துகொள்ளும். அது தொடர் ஓட்டத்தில் கோலை வாங்கப்போகிறவர் முன்கூட்டியே ஓடத் தொடங்குவது போலத்தான்: ஒரு சிறு வால்வு கொஞ்சம் எக்சாஸ்ட்டைக் கொடுத்து இரண்டாவது டர்போவை முன்பே சுழற்றிவைக்கும், அது தள்ளும் காற்றை இன்னொரு வால்வு அதுவரை வெளியே விட்டுக்கொண்டிருக்கும், நேரம் வந்ததும் அது மூட, இன்ஜினுக்குப் போகும் பாதை திறக்கும்.

இதன் அழகு என்னவென்றால், பூஸ்ட் கேஜே பாதி நோயைச் சொல்லிவிடும். ஆரோக்கியமான ஆர்எக்ஸ்-7-இல் முள் 10 பிஎஸ்ஐ (அழுத்த அளவு) காட்டும், கைமாறும்போது 8-க்கு இறங்கும், திரும்ப 10-க்கு ஏறும். இறங்கி அங்கேயே தங்கினாலோ மேலும் சரிந்தாலோ இரண்டாவது டர்போ சேரவில்லை. 4500 வரை சோம்பிக் கிடந்து அப்புறம் முதுகில் அறைகிற மாதிரி இழுத்தால் கோளாறு முதல் கட்டத்தில். இரண்டாவதன் பாதையை அடைக்க வேண்டிய வால்வு திறந்து கிடக்கலாம், முதல் டர்போ தள்ளும் காற்று அந்த வழியாகத் திரும்ப ஓடிவிடும். முள் அசையாமல் நிற்க, இன்ஜின் மட்டும் விக்கி விக்கித் துடித்தால் பூஸ்ட்டை விடுங்கள், ஸ்பார்க் பிளக்கையும் இக்னிஷன் காயிலையும் பாருங்கள்.

சரி, ஏன் சில நேரம் மட்டும்? எனக்குப் பிடித்த குற்றவாளி செக் வால்வு, அதாவது ஒருவழி வால்வு. டர்போக்களைக் கைமாற்றும் வால்வை அசைக்கிற ஆக்சுவேட்டரை ஒருபுறம் அழுத்தம் தள்ளும், மறுபுறம் வேக்குவம் இழுக்கும். ஆனால் முழு பூஸ்ட்டில் இன்ஜினிடம் வேக்குவமே இருக்காது. அதனால் முன்பே ஒரு சின்னத் தொட்டியில் அதைச் சேமித்து, ஒருவழி வால்வால் அடைத்துவைப்பார்கள். அந்த வால்வு மெல்லக் கசிந்தால், ஆக்ஸிலரேட்டரைச் சட்டென்று மிதித்து இரண்டாம் கியரில் ஏறும்போது எல்லாம் நன்றாக இருக்கும்; நான்காம் கியரில் நீண்ட இழுப்பில், கைமாறும் நேரம் வருவதற்குள் தொட்டி காலி. கையால் இயக்கும் வேக்குவம் பம்ப்பை மாட்டி, முள் நிற்கிறதா நழுவுகிறதா என்று ஒரு நிமிடம் பார்த்தால் போதும்.

அடுத்தது சூடு. சோலினாய்டுக்குள் இருப்பது செம்புக் கம்பி. ஒவ்வொரு டிகிரி செல்சியஸுக்கும் அதன் மின்தடை ஏறக்குறைய 0.4 சதவீதம் கூடும். 20 டிகிரியில் 30 ஓம் காட்டும் காயில் 100 டிகிரியில் 39-ஐத் தொடும், 12 வோல்ட்டில் மின்னோட்டம் 0.4 ஆம்பியரிலிருந்து 0.3-க்கு வந்துவிடும். காந்தத்தின் இழுவை அதைவிட வேகமாகச் சரியும். உள்ளே எண்ணெய்ப் பிசுக்கு படிந்து ஏற்கெனவே தயங்கும் வால்வு, சூடான பிறகு அசைய மறுக்கும். காலையில் குளிர்ந்த நிலையில் சோதித்து “நல்லாத்தான் இருக்கு” என்று தூக்கிவைக்கப்படும் சோலினாய்டுகள் ஏராளம். ஹேர் டிரையரால் சூடாக்கி, மின்சாரம் கொடுத்து, ஊதிப் பாருங்கள். சூட்டில் கெட்டியான ரப்பர் ஹோஸும் அப்படித்தான், முனையில் பிடி விட்டிருக்கும், ஆனால் கழற்றும்வரை ஒழுங்காக மாட்டியிருப்பது போலவே தெரியும். அழுத்திய காற்றைக் குளிர்விக்கும் இன்டர்கூலரின் குழாயில், கிளாம்புக்கு அடியில் இருக்கும் கிழிசல் இன்னும் மோசம், பாரம் ஏறி இன்ஜின் சாயும்போது மட்டும் வாய் திறக்கும்.

புது வண்டியாக இருந்து இசியு தகவலைப் பதிவு செய்ய முடிந்தால், கேட்ட பூஸ்ட், கிடைத்த பூஸ்ட், வேஸ்ட்கேட் சோலினாய்டுக்குப் போகும் கட்டளை மூன்றையும் ஒன்றாகப் பாருங்கள். கட்டளை உச்சத்தில் இருந்தும் பூஸ்ட் வரவில்லை என்றால் கசிவு அல்லது மூடாத கதவு. கேட்ட அளவே குறைவு என்றால் இசியு வேண்டுமென்றே அடக்கி வாசிக்கிறது. நாக்கிங் (சிலிண்டருக்குள் எரிபொருள் தாறுமாறாக வெடிப்பது), உள்ளே வரும் காற்றின் சூடு, ஏதாவது சென்சார் என்று அந்தப் பக்கம் தேடவேண்டும். இந்த ஒரு பிரிவிலேயே பாதி வேலை குறைந்துவிடும்.

கசிவு சோதனைக்கு கம்ப்ரஸர் வாயை மூடி, வண்டி வழக்கமாகக் காணும் பூஸ்ட்டைத் தாண்டாமல் காற்றேற்றி, சோப்பு நீர் தெளித்தால் போதும். வெட்டு விழுகிற வண்டியை மட்டும் திரும்பத் திரும்ப மிதித்துச் சோதிக்காதீர்கள், குறிப்பாக ஆர்எக்ஸ்-7-இல் இருப்பது போன்ற, பிஸ்டனுக்குப் பதில் முக்கோண ரோட்டர் சுழலும் ரோட்டரி இன்ஜினை; ஒரு நல்ல நாக்கிங் போதும், ரோட்டரின் முனையில் இருக்கும் ஏபெக்ஸ் சீல் உடைந்துவிடும். ஹோஸ்களை மாற்றுவதென்றால் ஒன்றைக் கழற்றி, அதன் இடத்தில் ஒன்றை மாட்டி, அப்புறம் அடுத்ததுக்குப் போங்கள். செக் வால்வைத் திருப்பி மாட்டினால் வண்டி முன்பைவிட மோசமாக ஓடும், கழற்றும்போதே அது எந்தப் பக்கம் பார்த்திருந்தது என்று ஒரு படம் எடுத்துவிடுங்கள்.