பாரம்பரியம் – சொல் விளக்கம்

மலேசியாவின் சுங்கை சிப்புட் மாதிரி தோட்டத்து டவுன்களில் ஒரே குடும்பத்துக்குள் கத்தோலிக்கர், மெதடிஸ்ட், பெந்தெகொஸ்தே எல்லாரும் இருப்பார்கள். நவம்பர் 2, கல்லறைத் திருநாளன்று அத்தை தாத்தாவின் கல்லறையில் மெழுகுவத்தி ஏற்றி ஜெபம் சொன்னால், பெந்தெகொஸ்தே சபைக்குப் போகும் மச்சான் "இதெல்லாம் மனுஷருடைய பாரம்பரியம், அத்தை" என்பார். அந்தச் சொல் ஒரு குற்றச்சாட்டாகவே நம் காதில் விழுந்து பழகிவிட்டது.

மச்சான் சொல்வது மாற்கு 7:8, மனுஷருடைய பாரம்பரியத்துக்காகக் கடவுளின் கட்டளையைத் தள்ளிவிடுகிறவர்களை இயேசு கண்டிக்கும் இடம். அங்கே கிரேக்கத்தில் இருப்பது 'பராடோசிஸ்', அதாவது ஒருவர் கையிலிருந்து இன்னொருவர் கைக்கு ஒப்படைக்கப்பட்டது. இதே சொல்தான் 2 தெசலோனிக்கேயர் 2:15-இலும் வருகிறது. ஆனால் அங்கே பவுல் "வார்த்தையினாலாவது நிருபத்தினாலாவது" பெற்றதைக் கைக்கொள்ளச் சொல்கிறார், நம் பழைய தமிழ் பைபிளோ அந்த இடத்தில் 'முறைமைகள்' என்று போட்டுவிட்டது. கண்டிக்கும் இடத்தில் பாரம்பரியம், கைக்கொள்ளச் சொல்லும் இடத்தில் முறைமை! இரண்டும் ஒரே சொல் என்று தமிழில் மட்டும் வாசிக்கிறவருக்கு எப்படித் தெரியும்?

சரி, இந்தப் பாரம்பரியம், அதாவது மரபு, விஷயத்தில் சபைகள் எங்கே பிரிகின்றன? எழுதிய வேதத்தையும் எழுதாத அப்போஸ்தல மரபையும் சமமான பக்தியோடு ஏற்கிறோம் என்று 1546-இல் கத்தோலிக்கரின் திரெந்து சங்கம் அறிவித்தது. இரண்டும் ஒரே ஊற்றிலிருந்து வருகின்றன, அவற்றுக்கு அதிகாரபூர்வமாகப் பொருள் சொல்வது திருச்சபையின் போதனை அதிகாரம், அந்த அதிகாரமும் இறைவார்த்தைக்கு மேற்பட்டதல்ல, அதற்கு ஊழியம் செய்வது என்று 1965-இல் இரண்டாம் வத்திக்கான் சங்கம் விளக்கியது. ஆர்த்தடாக்ஸ் சபையினர் வேதமே மரபுக்குள் இருப்பது என்பார்கள். லுத்தரன்கள் நைசியா விசுவாசப் பிரமாணத்தை இன்றும் சொல்கிறார்கள், ஆனால் எந்த மரபுக்கும் வேதம்தான் நீதிபதி. மெதடிஸ்டுகளுக்கு வேதம் முதலில். அப்புறம் மரபு, பகுத்தறிவு, அனுபவம்.

இறந்தவருக்காக அத்தை சொல்லும் ஜெபத்துக்கு 2 மக்கபேயர் 12-ஆம் அதிகாரத்தில் ஆதாரம் உண்டு. அந்த நூல் கத்தோலிக்கரின் 73 நூல் பைபிளில் இருக்கிறது, மச்சான் கையிலுள்ள 66 நூல் பைபிளில் இல்லை. எந்த நூல் வேதம் என்று வேதத்துக்குள் பட்டியல் கிடையாது; புதிய ஏற்பாட்டில் இன்றுள்ள அதே 27 நூல்களையும் முதலில் பட்டியலிட்டுக் காட்டுவது அலெக்சாந்திரியா ஆயர் அத்தனாசியார் 367-இல் எழுதிய கடிதம். அந்த 27-ஐ மச்சானும் மறுக்கமாட்டார்.

'பாரம்பரியம்' வடமொழியின் 'பரம்பரா'விலிருந்து வந்தது, ஒன்றன்பின் ஒன்றாக என்று பொருள். நல்ல சொல்தான், ஆனால் நம் சபைகளில் அடிபட்டுவிட்டது. தொல்காப்பியத்தில் மரபியல் என்று ஓர் இயலே இருக்க, 'பராடோசிஸ்' வரும் எல்லா இடத்திலும் 'மரபு' என்றே எழுதலாம்; அப்போஸ்தலர் ஒப்படைத்ததைக் குறிக்கும்போது 'திருமரபு'. மெழுகுவத்தி ஏற்றுவதற்கு 'வழக்கம்' போதும்.