ஒரு சுரம் விழுந்தால் வீடு மாறும்: பிராம்ஸின் பி மைனர் இன்டர்மெட்ஸோ

1893 மே மாதம் ஜெர்மானிய இசையமைப்பாளர் யோஹானஸ் பிராம்ஸுக்கு வயது அறுபது. பியானோ கலைஞரான தோழி கிளாரா ஷூமனுக்கு எழுதிய கடிதத்தில், தான் எழுதிய ஒரு சின்ன பியானோ துண்டில் முரண் சுரங்கள் மொய்ப்பதாகச் சொல்கிறார். கிளாராவுக்கு அது பிடிக்குமோ என்ற தயக்கமும் கடிதத்தில் தெரிகிறது. மிக மெதுவாக வாசிக்க வேண்டும், ஒவ்வொரு சுரத்திலிருந்தும் சோகத்தை உறிஞ்சி எடுப்பதுபோல வாசிக்க வேண்டும் என்கிறார். ஓபஸ் 119 என்ற எண்ணிட்ட தொகுப்பின் முதல் துண்டான, பி என்ற சுரத்தை ஆதாரமாகக் கொண்ட பி மைனர் இன்டர்மெட்ஸோதான் (இன்டர்மெட்ஸோ என்பது இங்கே ஒரு குறும்படைப்பு) அது. ஏறக்குறைய நான்கு நிமிடம் ஓடும்.

தொடக்கம் ஐந்தே சுரங்கள்: எஃப் ஷார்ப், டி, பி, ஜி, இ. மேலிருந்து படிப்படியாக இறங்குகின்றன. ஒவ்வொரு படியும் ஒரு ‘தேர்ட்’, நம் பேச்சில் ச–க இடைவெளி. காந்தாரத்தில் இரண்டு வகை உண்டல்லவா? அந்தர காந்தாரத்தின் அதிர்வெண் விகிதம் 5:4, சாதாரண காந்தாரத்தினுடையது 6:5. இந்தப் படிகளில் இரண்டும் மாறிமாறி வருகின்றன. இரண்டையும் பெருக்கினால் 3:2, அதாவது பஞ்சமம். (பியானோவின் சுருதியமைப்பில் இவை இம்மி பிசகித்தான் இருக்கும்.) ஆகவே இந்தச் சங்கிலியில் அடுத்தடுத்த எந்த மூன்று சுரங்களை எடுத்தாலும் ஒரு முழு கார்ட், அதாவது சேர்ந்தொலிக்கும் சுரக்கூட்டு கிடைக்கும். அதன் ஆதார சுரத்துக்கு மேல் அந்தர காந்தாரம் இருந்தால் அது மேஜர், சாதாரண காந்தாரம் இருந்தால் மைனர்.

பிராம்ஸின் நுட்பம் இங்கேதான். எஃப் ஷார்ப், டி கேட்டதும் காது டி மேஜரை எதிர்பார்க்கலாம். பி வந்ததும் அது பி மைனர். ஜி வந்ததும், டி, பி, ஜி மூன்றும் சேர்ந்து ஜி மேஜர். இ வந்ததும் இ மைனர். ஒவ்வொரு முறையும் புதிதாக வருவது ஒரே ஒரு சுரம். கூட நிற்கும் இரண்டும் ஏற்கெனவே கேட்டவை. ஆனால் அந்த ஒன்று வந்ததும் பழையவற்றின் பொருளே மாறிவிடுகிறது. எது ஆதார சுரம் என்று காது தீர்மானிப்பதற்குள் தரை நகர்ந்துவிடுகிறது. இந்தத் துண்டின் ஏக்கம் இந்தத் தீராத தேடலில்தான் இருக்கிறது என்று நான் உறுதியாக நம்புகிறேன்.

அப்படியானால் முரண் எங்கிருந்து வந்தது? முன்னே வாசித்த சுரங்கள் அடங்காமல் நீடிப்பதால். மேலே உள்ள எஃப் ஷார்ப் நொடிக்கு 740 முறை அதிர்கிறது. கீழே வரும் ஜி 392 முறை. இவ்வளவு தள்ளி இருப்பவை ஏன் உரச வேண்டும்? எந்தக் கம்பியும் தன் அடிப்படை அதிர்வோடு அதன் இரட்டிப்பையும் சேர்த்தே ஒலிக்கும். ஜி-யின் இரட்டிப்பு 784. அது 740-க்குப் பக்கத்திலேயே நிற்கிறது. இரண்டும் கலக்கும்போது நொடிக்கு 44 தடவை ஒலி கூடிக் குறையும். அவ்வளவு வேகத்தைத் தனித்தனித் துடிப்பாக எண்ணக் காதால் முடியாது, கரகரப்பாகத்தான் உணரும்.

இரண்டு கட்டைகளையும் ஒரே நேரத்தில் அழுத்திப் பாருங்கள், குத்தும். பிறகு எஃப் ஷார்ப்பை மட்டும் அழுத்தி, விரலை எடுக்காமல், இடையில் டி, பி வாசித்துவிட்டு ஜி-க்கு வாருங்கள். குத்தல் பெருமளவு தணிந்திருக்கும். பியானோ கம்பியின் ஒலி சுத்தியல் பட்டதும் வேகமாக இறங்கி, பிறகு மெல்லத் தேயும். ஜி பிறக்கும்போது எஃப் ஷார்ப் பாதி கரைந்திருக்கிறது. முள் இருக்கிறது, அதன் முனை மழுங்கிவிட்டது. வேகமாக ஓட்டினால் இந்தக் கரைதலுக்கு நேரமே இருக்காது. மெதுவாக வாசிக்கச் சொன்ன பிராம்ஸின் காது எவ்வளவு கூர்மையானது!

துண்டின் நடுப்பகுதி டி மேஜரில் நிற்கிறது. பி-க்கும் டி-க்கும் இடைவெளி அதே ‘தேர்ட்’. சுரத்துக்குச் சுரம் எடுத்து வைத்த அடியைத்தான் பிராம்ஸ் இங்கே பகுதிக்குப் பகுதியாக எடுத்து வைக்கிறார். பிறகு முதல் பகுதி திரும்பும்போது, காது இன்னும் டி மேஜரின் வெளிச்சத்திலேயே இருக்கிறது. எஃப் ஷார்ப், டி என்ற முதல் இரண்டு சுரங்கள் அந்த வெளிச்சத்தைச் சேர்ந்தவைதான். மூன்றாவதாக பி விழுகிறது.