ஜேர்மனிக்குப் போகும் மணமக்களுக்கு: ஏ1 பரீட்சையும் அதன் பிறகு கிடைக்கும் 700 பாடவேளையும்

திருகோணமலையில் ஜேர்மனிச் சம்பந்தம் பேசி முடிந்தால் வீட்டில் முதலில் எழும் கேள்வி, "ஏ1 எப்ப எடுக்கிறது?" என்பதுதான். ஏ1 என்பது விசாவுக்கு வேண்டிய அடிப்படை டொச் (ஜேர்மன்) மொழிப் பரீட்சை. மண்டபம், தாலிக்கொடி, கூறை எல்லாம் அதற்குப் பிறகு. பரீட்சை சித்தி, விசாவும் வந்துவிட்டது என்றால் டொச் புத்தகங்களைப் பக்கத்து வீட்டுப் பிள்ளைக்குக் கொடுத்துவிட்டு விமானம் ஏறிவிடுகிறார்கள். அங்கே போய் இறங்கியதும் சட்டப்படி கிடைக்கிற ஒரு பெரிய உரிமை பற்றி பலருக்கு ஒருவரும் சொல்லி அனுப்புவதில்லை. அதனால் இந்த விளக்கத்தில் ஏ1 பற்றிக் கொஞ்சமும், அதற்குப் பிந்திய மொழி வகுப்பு பற்றிக் கூடுதலாகவும் எழுதுகிறேன்.

முதலில் விதி. 2007 ஆகஸ்ட் மாதத்தில் இருந்து, ஜேர்மனியில் வாழும் கணவரோடோ மனைவியோடோ போய்ச் சேர விரும்புகிறவர், புறப்படும் முன்பே டொச் மொழியில் எளிய முறையில் கதைக்கத் தெரிந்திருக்க வேண்டும். ஐரோப்பிய மொழித் தர வரிசையில் அதுதான் ஏ1, அடிமட்டப் படி. மணமக்கள் இருவருக்கும் 18 வயது நிறைந்திருக்க வேண்டும். கோயிலில் தாலி கட்டியிருந்தாலும் தூதரகம் கேட்பது திருமணப் பதிவுச் சான்றிதழைத்தான். இந்த விதியைக் கொண்டு வந்தபோது, கட்டாயத் திருமணங்களைத் தடுக்கவும் வருகிறவர்கள் சீக்கிரம் அங்கே காலூன்றவும் என்று ஜேர்மன் அரசு காரணம் சொன்னது. சம்பூரில் இருந்தோ குச்சவெளியில் இருந்தோ ஒரு பிள்ளை கொழும்பு வரை போய் எழுத வேண்டிய பரீட்சை இது. செலவும் அலைச்சலும் உண்மையானவை, அதை மறுக்க முடியாது.

எல்லோருக்கும் இந்த விதி இல்லை. ஜேர்மனியில் இருப்பவர் அங்கே போகும் முன்பே மணமுடித்து, பிறகு அகதியாக அங்கீகரிக்கப்பட்டவர் என்றால் துணைக்கு ஏ1 தேவையில்லை. அவர் நீல அட்டை எனப்படும் உயர் தகுதித் தொழிலாளர் அனுமதியில் இருந்தாலும் தேவையில்லை. பிரான்ஸ், நெதர்லாந்து போன்ற வேறொரு ஐரோப்பிய ஒன்றிய நாட்டின் குடியுரிமையோடு ஜேர்மனியில் வாழ்கிறவரின் துணைக்கும் இதே சலுகை உண்டு. நோயாலோ உடற்குறையாலோ மொழி கற்க இயலாதவர்களுக்கும் விலக்கு இருக்கிறது, ஆனால் மருத்துவச் சான்று வேண்டும். ஜேர்மன் குடியுரிமை உள்ளவரின் கணவனோ மனைவியோ ஒரு வருடம் உண்மையாக முயன்றும் ஏ1 தரத்தை எட்ட முடியாவிட்டால், அதற்கு மேல் அவரைக் காக்க வைப்பது நியாயமில்லை என்று ஜேர்மன் கூட்டாட்சி நிர்வாக நீதிமன்றம் 2012இல் தீர்ப்பளித்தது. எனவே வகுப்புக்குப் போன பற்றுச்சீட்டு, தோற்ற பரீட்சையின் பெறுபேறு எல்லாவற்றையும் எறிந்துவிடாமல் வைத்திருங்கள். முயன்றதற்கு அவைதான் சாட்சி.

சரி, பரீட்சை. நம்மவர்கள் பெரும்பாலும் கொழும்பு 7இல் உள்ள ஜேர்மன் மொழி, பண்பாட்டு நிலையமான கோதே நிறுவனத்தில்தான் எழுதுகிறார்கள். கேட்டல், வாசித்தல், எழுதுதல் மூன்றும் சேர்ந்து ஒரு மணித்தியாலத்துக்குச் சற்று மேல், பேசுதல் சுமார் 15 நிமிடம். 100க்கு 60 எடுத்தால் சித்தி. ஒரு பகுதியில் தவறினால் அதை மட்டும் திரும்ப எழுத முடியாது, முழுப் பரீட்சையையும் மறுபடி எழுத வேண்டும். எத்தனை முறையும் எழுதலாம்.

எழுத்துப் பகுதியில் ஒரு படிவத்தில் விடுபட்ட ஐந்து விபரங்களை நிரப்ப வேண்டும், பிறகு சுமார் 30 சொல்லில் ஒரு சின்னக் கடிதம். படிவம் நிரப்பப் பழகுவது பரீட்சைக்கு மட்டும் உதவுவதில்லை. நமக்கு அப்பாவின் பெயர்தான் முன்னால் வரும், அவர்களுக்கோ குடும்பப் பெயர், சொந்தப் பெயர் என்று இரண்டு கட்டம். கடவுச்சீட்டில் ஒரு மாதிரி, திருமணச் சான்றிதழில் இன்னொரு மாதிரி எழுத்து இருந்தால் பின்னால் ஒவ்வொரு அலுவலகத்திலும் விளக்கம் சொல்லிக்கொண்டு நிற்க வேண்டி வரும். இங்கிருந்து புறப்படும் முன்பே அதை ஒரே மாதிரி ஆக்கிக்கொள்ளுங்கள்.

பேச்சுப் பகுதி சிறு குழுவாக நடக்கும். பெயர், வயது, ஊர், தெரிந்த மொழிகள், தொழில், பொழுதுபோக்கு என்று உங்களை அறிமுகப்படுத்த வேண்டும். ஒரு பெயரை எழுத்துக் கூட்டச் சொல்வார்கள், ஓர் இலக்கத்தைச் சொல்லச் சொல்வார்கள். நம் ஊர்ப்பெயருக்கே அவர்களின் எழுத்தில் (Trincomalee) 11 எழுத்து. டொச் உச்சரிப்பில் தடுமாறாமல் சொல்லப் பழகுங்கள். இலக்கத்தில் 21ஐ அவர்கள் ஒன்றும் இருபதும் என்று தலைகீழாகச் சொல்வார்கள். தொலைபேசி இலக்கம், விலை, பேருந்து நேரம் எல்லாவற்றிலும் இது இடறும். அப்புறம் அட்டையில் உள்ள தலைப்பைப் பார்த்து ஒருவரை ஒருவர் கேள்வி கேட்க வேண்டும், ஒரு பொருளைக் கேட்டு வாங்க வேண்டும். வீட்டில் இருந்து மனப்பாடம் செய்தவர்கள் தடக்கி விழுகிற இடம் இதுதான். திருகோணமலைச் சந்தையில் மீன் வாங்குகிறவர்களும் விற்கிறவர்களும் தமிழிலும் சிங்களத்திலும் மாறி மாறிப் பேரம் பேசுவது இலக்கணம் படித்தல்ல, பிழையோடு துணிந்து கதைத்துத்தான். டொச்சையும் அப்படியே வாயைத் திறந்து கதைத்துப் பழகுங்கள்.

"சித்தி நிச்சயம்" என்று விளம்பரம் போடும் வகுப்புகளில் மாதிரிக் கேள்விகளை மட்டும் உருப்போட வைக்கும் வகுப்புகளும் உண்டு. கோதே நிறுவனத்தின் இணையதளத்தில் மாதிரிப் பரீட்சையும், ஏ1க்கு வேண்டிய சுமார் 650 சொற்களின் பட்டியலும் இலவசமாக இருக்கின்றன. ஜேர்மன் ஒலிபரப்பு நிறுவனமான டொய்ச்ச வெலெயும் அடிப்படையில் இருந்து இலவச இணைய வகுப்பு நடத்துகிறது. பணம் கட்டும் வகுப்பை எடைபோட இவை உதவும்.

இனி அங்கே போய் இறங்கிய பிறகு. 2005 ஜனவரி 1 முதல் நடைமுறையில் உள்ள குடியேற்றச் சட்டம், புதிதாக வருகிறவர்களுக்கு ஒரு மொழி, சமூக வகுப்பைத் தருகிறது. நம்மவர்கள் இதை 'இன்ரகிராசியோன் கூர்ஸ்' என்பார்கள். நியூரன்பேர்க் நகரில் தலைமையகம் உள்ள குடியேற்ற, அகதிகள் கூட்டாட்சி அலுவலகம் இதற்குப் பொறுப்பு. பொதுவான வகுப்பு 700 பாடவேளை, ஒரு பாடவேளை 45 நிமிடம். அதில் 600 மொழிக்கு, 100 நாட்டின் சட்டம், வரலாறு, வாழ்க்கைமுறைக்கு. இலக்கு பி1 தரம், அதாவது வைத்தியரிடமும் பிள்ளையின் ஆசிரியரிடமும் வேலை இடத்திலும் தன் விஷயத்தைத் தானே சொல்லக்கூடிய அளவு. வாரத்துக்கு 25 பாடவேளை என்று போனால் ஏழு மாதத்துக்குள் முடியும். வேலைக்குப் போகிறவர்களுக்காக மாலை வகுப்புகளை வைத்திருக்கும் இடங்களும் உண்டு.

குடும்பத்தோடு சேர வந்து முதல் முறை வதிவிட அனுமதி பெறுகிறவருக்கு இந்த வகுப்பில் சேர சட்டப்படி உரிமை உண்டு. வெளிநாட்டவர் அலுவலகத்தில் அனுமதி அட்டைக்குப் போகும்போதே அதற்கான உரிமைக் கடிதத்தைக் கேளுங்கள். இந்த உரிமை அனுமதி கிடைத்து ஒரு வருடத்தில் காலாவதியாகிவிடும். உங்கள் தவறில்லாத காரணத்தால் பதிய முடியாமல் போனால் மட்டும் விதிவிலக்கு. "முதலில் வீட்டைப் பழகட்டும்", "குளிர் போகட்டும்", "உணவகத்தில் ஆள் தேவை, கொஞ்ச நாள் வேலை செய்யட்டும்" என்று சொல்லிச் சொல்லி அந்த வருடம் போய்விடும். சொல்கிறவர்கள் கெட்ட எண்ணத்தோடு சொல்வதில்லை. ஆனால் காலாவதியான பிறகு இடம் கேட்பது வேறு விதமான மன்றாட்டம்.

உரிமை மட்டுமல்ல, கடமையும்தான். ஏ1 தரத்தோடு வருகிற துணைக்கு, பி1 இல்லாதபடியால், வகுப்பில் கலந்துகொள்ளும்படி அலுவலகம் கடிதம் தரும். போகாவிட்டால் அனுமதியை நீட்டும்போது அதைக் கணக்கில் எடுப்பார்கள். வகுப்பை வெற்றிகரமாக முடிக்கும் வரை ஒவ்வொரு முறையும் அதிகபட்சம் ஒரு வருடத்துக்குத்தான் நீட்டுவது வழக்கம். மனைவியை வகுப்புக்கு அனுப்பத் தயங்கும் கணவன்மாருக்கு இதை எடுத்துச் சொல்லலாம்.

கட்டணம் உண்டு. செலவில் ஒரு பங்கை அரசு தாங்க, பங்குபற்றுகிறவர் ஒரு பாடவேளைக்கு 2.29 யூரோ கட்டும் கணக்கில் 700க்கு 1,603 யூரோ வரும். மொத்தமாக அல்ல, 100 பாடவேளைக்கு ஒரு தடவையாகக் கட்டலாம். தொகை மாறக்கூடியது, பதியும்போது கேட்டுக்கொள்ளுங்கள். அரச உதவிப் பணத்தில் வாழும் குடும்பங்கள் கட்டண விலக்குக்கு விண்ணப்பிக்கலாம், ஆனால் வகுப்பு தொடங்கும் முன்பே விண்ணப்பிப்பதுதான் நல்லது.

தொடங்கும் முன் ஒரு தரப்படுத்தல் பரீட்சை வைப்பார்கள். ஏ1 நினைவில் இருந்தால் முதல் பகுதிகளைத் தாண்டி நடுவில் இருந்து தொடங்கலாம், அதனால் டொச் புத்தகத்தைக் கொடுத்துவிட்டுப் போகாதீர்கள். பள்ளிக்கூட ஆங்கிலத்தால் நமக்கு அவர்களின் எழுத்துப் பழக்கம். அப்படிப் பழகாமல் தமிழ் மட்டும் எழுத வாசிக்கத் தெரிந்த மூத்தவர்கள் போனால், வேறு எழுத்தில் படித்தவர்களுக்கென்று நீண்ட வகுப்பு தனியாக இருக்கிறது. அதை நீங்களாகக் கேட்க வேண்டும்.

கடைசியில் இரண்டு பரீட்சை. மொழிப் பரீட்சையில் பி1 கிடைக்க, பேச்சில் கட்டாயம் பி1 எடுக்க வேண்டும், கூடவே எழுத்திலோ அல்லது கேட்டல்–வாசித்தல் பகுதியிலோ ஒன்றில் எடுத்தால் போதும். பேச்சுக்கு அவர்கள் கொடுக்கும் இடத்தைப் பாருங்கள். மற்றது நாட்டைப் பற்றிய பரீட்சை: 60 நிமிடம், 33 கேள்வி, ஒவ்வொன்றுக்கும் நான்கு விடை. 15 சரி என்றால் வகுப்புக்குப் போதும், 17 சரி என்றால் பின்னால் குடியுரிமைக்கும் அதே பெறுபேறு உதவும். கேள்விகள் எல்லாம் 300 பொதுக் கேள்விகளும் நீங்கள் வாழும் மாநிலத்துக்கான 10 கேள்விகளும் அடங்கிய வெளிப்படையான பட்டியலில் இருந்தே வரும். உவர்மலையில் உட்கார்ந்தே அதைப் படிக்கத் தொடங்கலாம். 1949 அரசியலமைப்பு, கிழக்கு, மேற்கு ஜேர்மனிகளின் 1990 இணைவு, ஆண் பெண் சமத்துவம், மத சுதந்திரம், நாஸி காலத்தின் கொடுமைகள் எல்லாம் அதில் இருக்கின்றன. போரைப் பார்த்த ஊர்க்காரருக்கு இந்தப் பாடம் வெறும் பரீட்சைப் பாடமாக இருக்காது.

டொச் இல்லாமலே அங்கே வாழலாம் என்று சொல்கிறவர்கள் இருக்கிறார்கள். தமிழ்க் கடை உண்டு, வார இறுதியில் தமிழ்ப் பள்ளி உண்டு, ஹம் நகரில் காமாட்சி அம்பாளுக்குப் பெரிய கோயிலே உண்டு. இவை எல்லாம் வேண்டும், விட்டுவிட வேண்டியதில்லை. ஆனால் உங்களுக்கு வந்த கடிதத்தை இன்னொருவர் வாசித்துச் சொல்ல வேண்டிய நிலையில் இருந்தால், அவர் சொல்வதுதான் உங்களுக்குச் சட்டம். அதனால் இதையும் சொல்ல வேண்டும்: துணையாகப் போனவரின் அனுமதி முதலில் திருமணத்தோடு கட்டப்பட்டது. ஜேர்மனியில் மூன்று வருடம் சேர்ந்து வாழ்ந்த பிறகு, பிரிந்தாலும் அவருக்குத் தனியான வதிவிட உரிமை கிடைக்கும். வீட்டில் வன்முறை போன்ற கடும் நிலை என்றால் மூன்று வருடம் காத்திருக்கத் தேவையில்லை. "உன்னைத் திருப்பி அனுப்பிவிடுவேன்" என்று மிரட்டுகிறவர் நினைக்கிற அளவு அதிகாரம் அவரிடம் இல்லை. பெண்களுக்கான உதவி எண் 116 016, 24 மணித்தியாலமும் இலவசம், பல மொழிகளில் மொழிபெயர்ப்பு உதவியும் இருக்கிறது. வேறு அலுவல்களுக்கு, நம் ஊரிலும் பெயர் தெரிந்த காரித்தாஸ், செஞ்சிலுவைச் சங்கம் போன்ற அமைப்புகள் அங்கே புதியவர்களுக்கு இலவச ஆலோசனை தருகின்றன. வகுப்பு எங்கே கிடைக்கும், படிவத்தில் என்ன எழுதுவது என்பதெல்லாம் அவர்களிடம் கேட்கலாம்.

பி1 சான்றிதழ் பின்னால் நிரந்தர வதிவிடத்துக்கும் வேண்டும். ஜேர்மன் குடியுரிமை உள்ளவரின் துணைக்கு மூன்று வருடத்திலேயே அதற்கு விண்ணப்பிக்க வழி உண்டு. வருமானம் போன்ற மற்ற நிபந்தனைகளும் பார்க்கப்படும். குடியுரிமைக்கு 2024 ஜூன் மாதத்தில் வந்த சட்டப்படி பொதுவாக ஐந்து வருட வதிவிடம் வேண்டும், மொழித் தரம் அதே பி1. அந்தச் சட்டத்துக்குப் பிறகு ஜேர்மனி பழைய குடியுரிமையை விடச் சொல்லிக் கேட்பதில்லை. இலங்கைப் பக்கம் அப்படி இல்லை: வேறு நாட்டுக் குடியுரிமை எடுத்தால் இலங்கைக் குடியுரிமை இல்லாமல் போய்விடும். இரண்டையும் வைத்திருக்க விரும்புகிறவர் இரட்டைக் குடியுரிமைக்கு இலங்கை குடிவரவு, குடியகல்வுத் திணைக்களத்தில் தனியாக விண்ணப்பிக்க வேண்டும்.