காகித டாங்கிக்குள் ஒளிந்திருக்கும் 720 டிகிரி

ஒரு வாசகர் கேட்டிருக்கிறார்: "கேர்ள்ஸ் உண்ட் பான்சர் அனிமேயில் வரும் டாங்கிகளைக் காகிதத்தில் செய்து வருகிறேன். பான்சர் 4 கச்சிதமாக வந்துவிட்டது. ஷெர்மன் டாங்கியின் சுழலும் தலைப்பகுதி மட்டும் எப்படி ஒட்டினாலும் சுருங்கிப் போகிறது. தாள் சரியில்லையா, எனக்குக் கைராசி இல்லையா?"

தாளிலும் குறையில்லை, கையிலும் குறையில்லை. கைராசி என்ற ஒன்றை நம்பி நல்ல பொழுதுபோக்கைக் கைவிட்டவர்கள் நிறைய பேர். அந்தச் சொல்லையே மூட்டை கட்டி வைத்துவிடலாம். இங்கே வேலை செய்வது சுத்தமான வடிவியல்.

2012-இல் வெளிவந்த அந்தத் தொடரில், ஜப்பானின் ஓஆராய் நகரத்துப் பள்ளி மாணவிகள் இரண்டாம் உலகப்போர் டாங்கிகளை விளையாட்டுப் போட்டிக்கு ஓட்டுகிறார்கள். கதை எவ்வளவு கற்பனையோ, டாங்கிகள் அவ்வளவு நிஜம். நாயகியின் பான்சர் 4 சுமார் 5.9 மீட்டர் நீளம். நிஜத்தில் 35-இல் ஒரு பங்கு, அதாவது 1/35 அளவில் 17 சென்டிமீட்டருக்குள் அடங்கிவிடும். தொடரின் தொடக்கத்தில் அதற்கிருக்கும் குட்டைப் பீரங்கிக் குழல், அதே அளவில் 5 சென்டிமீட்டர்தான்.

செய்முறை உங்களுக்கே தெரியும்: 160 முதல் 200 ஜிஎஸ்எம் (சதுர மீட்டருக்கு இத்தனை கிராம்) தாளில் அச்சிட்டு, மை தீர்ந்த பேனாவால் மடிப்புக் கோடுகளை அழுத்திக் கீறி, வெட்டி, மடித்து ஒட்ட வேண்டும். கீறும்போது அந்தக் கோட்டில் இழைகள் நசுங்குவதால் தாள் அங்கேயே மடிகிறது. இன்னொன்று, ஆலையில் தாள் ஓடும் திசையிலேயே பெரும்பாலான இழைகளும் படுத்திருக்கும். பீரங்கிக் குழலைச் சுருட்டும்போது அந்த இழைகள் குழலின் நீளவாக்கில் இருந்தால் வழவழவென்று சுருளும். குறுக்கே இருந்தால் முறுக்கிக்கொண்டு பட்டை பட்டையாக உடையும். தாளின் இரு திசைகளிலும் ஒரே அளவில் ஒவ்வொரு கீற்று வெட்டி, நுனியைப் பிடித்துப் பாருங்கள். அதிகமாகத் தொங்குவதில் இழைகள் குறுக்கே இருக்கின்றன.

சரி, பான்சர் 4 ஏன் எளிது? நிஜ டாங்கியே தட்டையான எஃகுத் தகடுகளை வெட்டி இணைத்ததுதான். தட்டையான பரப்புகளாகப் பிரிக்கும் வேலையைத் தொழிற்சாலை முன்பே முடித்துவிட்டது. ஷெர்மனின் சுழலும் தலை அப்படியல்ல. உருக்கிய எஃகை அச்சில் ஊற்றி வார்த்தது. உருகிய எஃகு எந்த வளைவுக்கும் இணங்கும். தாள் இணங்காது.

எனக்கு மிகவும் பிடித்த இடம் இதுதான். ஒரு கனசதுரப் பெட்டியின் மூலையை எடுத்துக்கொள்ளுங்கள். அங்கே மூன்று சதுரங்கள் சந்திக்கின்றன: 90 மும்மடங்கு, 270 டிகிரி. தட்டையான தாளில் ஒரு புள்ளியைச் சுற்றி 360 இருக்க வேண்டும். ஆக 90 டிகிரி குறைகிறது. வெட்டி வைத்த தாளை மேசையில் விரித்தால், மடல்களுக்கு நடுவே வெற்றிடமாகத் தெரிவது அந்தக் குறைதான். மொத்தம் 8 மூலைகள், 8 × 90 = 720. இப்போது சமபக்க முக்கோணங்கள் நான்கைக் கொண்ட பிரமிடு. மூலைக்கு 180 டிகிரி குறை, 4 மூலைகள், மறுபடியும் 720! முன்தகட்டைச் சாய்த்தாலும், பின்பக்கத்தைக் குறுக்கினாலும், ஓட்டை இல்லாத மூடிய பெட்டியாக இருக்கும்வரை கூட்டுத்தொகை அசையாது. உள்நோக்கிய மூலைகளில் 360-க்கு மேல் கோணம் வந்தால், அதை எதிர்மறையாகக் கழித்துக்கொள்ள வேண்டும், அவ்வளவுதான். பதினேழாம் நூற்றாண்டிலேயே பிரெஞ்சுத் தத்துவவாதியும் கணிதவியலாளருமான தெகார்த் கண்டறிந்தது இது. எந்த டாங்கி செய்தாலும் இந்த 720-ஐ எங்காவது வெட்டியே தீர வேண்டும்.

பெட்டியில் அது மூலைகளில் சேர்ந்து கிடக்கிறது. உருண்டையிலோ பரப்பு முழுக்கப் பரவியிருக்கிறது. அரைக்கோளம் ஒன்றில் மட்டும் 360 டிகிரி, ஆனால் சுட்டிக்காட்ட ஒரு மூலைகூடக் கிடையாது. நீட்டாமல் கிழிக்காமல் எப்படி வளைத்தாலும் ஒரு பரப்பின் இந்தக் கோணக் குறை மாறாது என்று 1827-இல் கணிதவியலாளர் காஸ் நிறுவினார். தட்டைத் தாளுக்கு அது பூஜ்யம், குழலாகச் சுருட்டிய தாளுக்கும் பூஜ்யம். அதனால்தான் குழல் எளிதாக வந்தது.

கணக்குப் போட்டுப் பார்ப்போம். 2 செ.மீ. ஆரமுள்ள அரைக்கோளத்தில் உச்சியிலிருந்து விளிம்புவரை பரப்பின் மேல் அளந்தால் 3.14 செ.மீ. அந்த ஆரத்தில் வெட்டிய வட்டத்தாளின் சுற்றளவு சுமார் 19.7 செ.மீ. கோளத்தின் விளிம்போ 12.6 செ.மீ.தான். மிச்சம் 7 செ.மீ. தாள் எங்கே போகும்? உங்கள் ஷெர்மனின் தலையில் விழுந்த சுருக்கங்கள், போக்கிடம் இல்லாத அந்த மிச்சத் தாள்தான்.

கணினி மாடலைத் தாளாக விரித்துத் தர பெப்பகுரா போன்ற மென்பொருள்கள் இருக்கின்றன. ஆனால் அடியிலிருக்கும் கேள்விக்கு இன்னும் விடையில்லை. திண்ம உருவங்களை இப்படி விரித்து ஓவியர் டியூரர் 1525-இலேயே அச்சிட்டார். உட்குழிவில்லாத, தட்டை முகங்கள் கொண்ட எந்த உருவத்தையும் விளிம்புகளில் மட்டும் வெட்டி, ஒன்றின்மேல் ஒன்று படாமல் ஒரே துண்டாக விரித்துவிட முடியுமா? 1975-இல் கணிதவியலாளர் ஷெப்பர்டு எழுப்பிய கேள்வி இன்றும் திறந்தே கிடக்கிறது. இப்படிப்பட்ட ஆய்வுக்குப் பணம் கேட்டால் "இதனால் என்ன பயன்?" என்று திருப்பி அனுப்புவது தவறு என்பது என் உறுதியான கருத்து. காகித மடிப்பு பற்றி ஜப்பானிய விஞ்ஞானி மியூரா ஆராய்ந்த வடிவியல் 1995-இல் விண்வெளியில் சூரியத் தகடாக விரிந்தது. பயன் பின்னால் வரும், கேள்விக்கு முதலில் சோறு போட வேண்டும்.

அப்புறம், உங்கள் ஷெர்மனுக்கு வருவோம். தலையை ஒரே தாளில் செய்யாதீர்கள். மேலே ஒரு தட்டை மூடி, அதன் கீழே கூம்பின் துண்டுகளாக இரண்டு வளையங்கள். கூம்புத் துண்டு தட்டைத் தாளிலிருந்து சுருக்கமில்லாமல் வரும். வளைவு முழுவதும் இணைப்புக் கோடுகளுக்குப் போய்விடும். ஒட்டியதும் அந்தக் கோடுகளில் நீர்த்த பசை தடவி, நன்கு காய்ந்தபின் மென்மையான உப்புத்தாளால் தேயுங்கள். மூடிக்கு லேசான குமிழ் வேண்டுமானால் சற்றே ஈரப்படுத்தி, கரண்டியின் முதுகால் தேய்க்கலாம். ஈரத்தில் இழைகளின் பிடி தளர்வதால் தாள் கொஞ்சம் நீளும். மூன்று வளையங்கள்வரை போகலாம், அதற்கு மேல் போனால் இணைப்புகள்தான் கண்ணில் படும்.