பி.எம். கிசான் பணம் நின்றுவிட்டதா? எந்தக் கதவு மூடியிருக்கிறது என்று முதலில் பாருங்கள்

சென்ற மாதம் ஒரு அம்மா என்னைப் பார்க்க வந்தார். கையில் மஞ்சள் பை. அதற்குள் ஆதார் நகல் ஏழு, சிட்டா நகல் நான்கு, வங்கிப் புத்தகம், மடிப்பில் கிழியத் தொடங்கிய ஒரு பத்திரம். மூன்று தவணையாக அவருக்கு பி.எம். கிசான் பணம், அதாவது விவசாயிகளுக்கு மத்திய அரசு தரும் உதவித்தொகை, வரவில்லை. வேளாண்மை அலுவலகத்தில் "பேங்க்ல போய்க் கேளுங்கம்மா" என்றார்களாம். வங்கியில் "ஆதார் எல்லாம் சேர்த்தாச்சு, எங்க கையில ஒண்ணும் இல்ல" என்று அனுப்பிவிட்டார்கள். அப்புறம் வி.ஏ.ஓ.வைப் பார்க்க இரண்டு முறை போனபோது அவர் இல்லை. மூன்றாவது முறை இருந்தார், "இது விவசாயத் துறை திட்டம், என்கிட்ட ஏன் வர்றீங்க" என்று கேட்டார். போன இடத்திலெல்லாம் ஆளுக்கொரு நகல் வாங்கி வைத்துக்கொண்டார்கள். ஒன்றுக்கும் ரசீது கொடுக்கவில்லை. ஒவ்வொரு நடைக்கும் ஒரு நாள் கூலி போயிற்று.

இத்தனை பேரில் ஒருவர்கூட அவருடைய விவரத்தைத் திறந்து பார்க்கவில்லை. நான் போனில் திறந்து பார்க்க ஐந்து நிமிடம் ஆயிற்று. 'லேண்ட் சீடிங்', அதாவது நிலப் பதிவைத் திட்டப் பதிவோடு இணைப்பது, என்ற இடத்தில் 'நோ' என்றிருந்தது. கொழுந்தனார் தன் பங்கைத் தனியாக உட்பிரிவு செய்துகொண்டபோது இவருடைய பட்டா எண் மாறியிருக்கிறது. திட்டத்தின் பதிவில் பழைய எண்ணே கிடக்கிறது. வங்கிக்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை. அந்த ஒரு சொல்லை யாராவது படித்துச் சொல்லியிருந்தால் இவ்வளவு அலைச்சல் இருந்திருக்காது.

திட்டத்தைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். விவசாயிகளின் வருமானத்தை 2022-க்குள் இரண்டு மடங்காக்குவோம் என்று பிரதமர் நரேந்திர மோடி 2016-ல் அறிவித்தார். 2019 இடைக்கால பட்ஜெட்டில் வந்ததுதான் பி.எம். கிசான். ஆண்டுக்கு 6,000 ரூபாய், நான்கு மாதத்துக்கு ஒரு தடவை 2,000 வீதம், மத்திய அரசிடமிருந்து நேராக வங்கிக் கணக்குக்கு வரும். 21-வது தவணையை 2025 நவம்பர் 19 அன்று கோயம்புத்தூரில் வைத்துப் பிரதமர் விடுவித்தார். தொடங்கிய ஆண்டில் உரம் விற்ற விலை வேறு, இன்று விற்கும் விலை வேறு. தொகை மட்டும் அதே 6,000. அந்தச் சிறிய தொகையாவது ஒழுங்காகக் கைக்கு வர வேண்டாமா?

பணம் நின்றால் பெரும்பாலும் மூன்று கதவுகளில் ஏதோ ஒன்று மூடியிருக்கிறது என்று பொருள். இ-கேஒய்சி (பதிந்திருப்பவர் நீங்கள்தான் என்று ஆதார் வழியாக உறுதிசெய்வது), வங்கி, நிலம். எந்தக் கதவு என்று தெரியாமல் வீட்டை விட்டுக் கிளம்பாதீர்கள். பி.எம். கிசான் இணையதளத்தில் 'நோ யுவர் ஸ்டேட்டஸ்' என்று ஒரு பகுதி இருக்கிறது. பதிவு எண்ணைப் போட்டால் மூன்றுக்கும் நேரே 'எஸ்' அல்லது 'நோ' காட்டும். பதிவு எண் மறந்துபோனால் ஆதார் எண்ணையோ மொபைல் எண்ணையோ போட்டு அங்கேயே எடுத்துக்கொள்ளலாம். அந்தப் பக்கத்தை அச்செடுத்துக் கையில் வைத்துக்கொள்ளுங்கள். "பேங்க்ல கேளுங்க" என்று சொல்பவரிடம் அந்தத் தாளை நீட்டுங்கள்.

இ-கேஒய்சியில் 'நோ' என்றால் எளிது. ஆதாரோடு இணைந்த மொபைல் எண் உங்களிடம் இருந்தால் ஓ.டி.பி. போட்டு வீட்டிலேயே முடித்துவிடலாம். பழைய எண்ணைத் தொலைத்தவர்கள்தான் பொதுச் சேவை மையத்துக்குப் போய்க் கைரேகை வைக்க வேண்டியிருக்கிறது. அங்கே வயதானவர்கள் படும் பாட்டைப் பார்க்க முடியாது. நாற்று நட்டு, களை பறித்து, மண்வெட்டி பிடித்து வழவழவென்று தேய்ந்துபோன கட்டைவிரல். கருவியில் வைத்து அழுத்துவார்கள், சிவப்பு விளக்கு எரியும். வேட்டியில் துடைத்துக்கொண்டு மறுபடி அழுத்துவார்கள், மறுபடியும் சிவப்பு. "ரேகை விழலை தாத்தா, ஆதார்ல புதுப்பிச்சுட்டு வாங்க" என்று அனுப்பிவிடுவார்கள். அப்படித் திரும்பி வராதீர்கள். மற்ற விரல்களையும் வைத்துப் பார்க்கச் சொல்லுங்கள். அதுவும் விழாவிட்டால், பி.எம். கிசான் செயலியில் முகத்தைக் காட்டி இ-கேஒய்சி செய்யும் வசதி 2023 முதல் இருக்கிறது. பேரப்பிள்ளையின் போன் போதும். உதவி வேளாண்மை அலுவலரும் தன் போனில் செய்து கொடுக்கலாம், கேளுங்கள். சேவை மையத்தில் கைரேகை வைப்பதற்குக் கட்டணம் 15 ரூபாய்தான். 100, 200 என்று கேட்டால் ரசீது கேளுங்கள்.

அடுத்தது வங்கி. இங்கே ஒரு வார்த்தை விளையாட்டு இருக்கிறது, பாதிப் பேர் இதில்தான் ஏமாறுகிறார்கள். கணக்கில் ஆதார் எண் பதிவாகியிருப்பது வேறு, அரசுப் பணம் வருவதற்காக ஆதாரை அந்தக் கணக்கோடு இணைப்பது வேறு. முதலாவது இருந்தாலே வங்கியில் "சேர்த்தாச்சு" என்பார்கள். இரண்டாவது இல்லாமல் பணம் வராது. கவுன்டரில் நின்று "ஆதார் லிங்க் ஆகியிருக்கா" என்று கேட்காதீர்கள். "டி.பி.டி.க்கு ஆதார் சீடிங் செய்ய வேண்டும், என்.பி.சி.ஐ. படிவம் கொடுங்கள்" என்று கேளுங்கள். டி.பி.டி. என்றால் அரசுப் பணம் நேராகக் கணக்குக்கு வருவது; என்.பி.சி.ஐ. என்பது வங்கிகளுக்கு இடையே பணம் போவதைக் கையாளும் நிறுவனம். படிவத்தைக் கொடுத்ததும் நகலில் முத்திரை வாங்கிக்கொள்ளுங்கள்.

பணம் உண்மையிலேயே வந்திருக்கும், நீங்கள் பார்க்கும் கணக்கில்தான் இருக்காது. இதுவும் அடிக்கடி நடக்கிறது. நகைக் கடனுக்காகவோ, யாரோ முகாம் போட்டுக் கூப்பிட்டதற்காகவோ இன்னொரு வங்கியில் கணக்கு தொடங்கி, ஆதாரைக் கொடுத்து, நீட்டிய இடத்தில் கையெழுத்துப் போட்டிருப்பீர்கள். கடைசியாக எந்தக் கணக்கோடு ஆதார் சீடிங் ஆனதோ அங்கேதான் பணம் போகும். ஆதார் இணையதளத்தில் 'பேங்க் சீடிங் ஸ்டேட்டஸ்' பார்த்தால் எந்த வங்கி என்று தெரிந்துவிடும். போன மூன்று தவணையைக் காணோம் என்று கலங்கி நின்ற ஒருவருக்கு, அவர் மறந்தே போன ஒரு கணக்கில் 6,000 ரூபாயும் அப்படியே இருந்தது.

கடினமான கதவு நிலம். விவசாயத் துறைத் திட்டம் என்று பெயர். ஆனால் இங்கே வயலில் நிற்பவரை யாரும் பார்ப்பதில்லை, பட்டாவில் இருக்கும் பெயரைத்தான் பார்க்கிறார்கள். பட்டாவோ வருவாய்த் துறையின் கையில் இருக்கிறது. இந்த இரண்டு துறைகளுக்கும் நடுவில் சிக்கிக்கொள்பவர்கள் ஏராளம்.

முதலில் குத்தகைதாரர்கள். வெளிப்படையாகச் சொல்லிவிடுகிறேன்: சொந்தப் பெயரில் நிலம் இல்லாதவருக்கு இந்தத் திட்டத்தில் பணம் கிடையாது. கோயில் நிலத்தைத் தலைமுறை தலைமுறையாகக் குத்தகைக்கு உழுதாலும் கிடையாது. நிலத்துக்காரர் வெளியூரில் இருந்தாலும், அவர் பணம் பெறத் தகுதியில்லாதவர்கள் பட்டியலில் இல்லையென்றால், பணம் அவருக்குத்தான் போகும். இது அநியாயம் என்பதில் எனக்குச் சந்தேகம் இல்லை. ஆனால் "குத்தகைக்காரருக்கும் வாங்கித் தருகிறேன், 1,000 ரூபாய் கொடு" என்று ஒருவர் வந்தால் அவரை நம்பாதீர்கள். 2020-ல் தமிழ்நாட்டில் இப்படித்தான் தகுதியில்லாத 5 லட்சத்துக்கும் மேற்பட்டவர்களின் பெயர்களைச் சேர்த்து, 110 கோடி ரூபாய் அளவுக்கு முறைகேடு நடந்தது. இடையில் நின்ற தரகர்கள் கமிஷன் வாங்கினார்கள். பணத்தைத் திருப்பிக் கட்டும்படி அதிகாரிகள் வந்து நின்றது ஏழைகளின் வீட்டு வாசலில்தான்.

அடுத்தது இறந்தவர் பெயரில் இருக்கும் பட்டா. அப்பா போய்ப் பத்து வருடம் ஆகியிருக்கும், நிலம் பிள்ளைகள் கையில் இருக்கும், பட்டா மட்டும் அப்பா பெயரிலேயே இருக்கும். அந்தப் பட்டாவை வைத்து நீங்கள் பதிவு செய்ய முடியாது. இறப்புச் சான்றிதழ், வாரிசுச் சான்றிதழ் வாங்கி, பட்டாவை மாற்றிய பிறகுதான் முடியும். "பங்கு பிரிச்சப்புறம் பார்த்துக்கலாம்" என்று தள்ளிப்போடாதீர்கள். உட்பிரிவு செய்யாமலே எல்லா வாரிசுகளின் பெயரையும் சேர்த்துக் கூட்டுப் பட்டாவாக மாற்றலாம். கூட்டுப் பட்டாவில் பெயர் உள்ள ஒவ்வொரு குடும்பமும் தனித்தனியாக விண்ணப்பிக்கலாம். "கூட்டுப் பட்டாவுக்குக் கிடையாது" என்று யாராவது சொன்னால் அதை எழுத்தில் கேளுங்கள். எழுதித் தர மாட்டார்கள்.

மிகவும் கவனமாக இருக்க வேண்டிய இடம் 2019 பிப்ரவரி 1 என்ற தேதி. அன்று நிலம் உங்கள் பெயரில் இருந்திருக்க வேண்டும். அதற்குப் பிறகு வாங்கிய நிலத்துக்குக் கிடையாது. உடையவர் இறந்து வாரிசுக்கு வந்தால் மட்டும்தான் விலக்கு. இதில் நல்ல எண்ணத்தோடு செய்த காரியமே பலரைக் கவிழ்த்திருக்கிறது. உயிரோடு இருக்கும்போதே பிள்ளைகளுக்குச் சண்டை வராமல் எழுதிவைத்துவிடலாம் என்று ஒரு அப்பா 2021-ல் தான செட்டில்மென்ட் செய்து பட்டாவையும் மாற்றிக் கொடுத்தார். அவர் பெயரில் நிலம் இல்லாததால் அவருக்குப் பணம் நின்றது. பிள்ளைக்கு வந்தது வாரிசு வழியில் இல்லை என்பதால் பிள்ளைக்கும் மறுத்துவிட்டார்கள். பத்திரம் எழுதியவர் இதைச் சொல்லவில்லை, பதிவு செய்தவரும் சொல்லவில்லை. வீட்டில் செட்டில்மென்ட் பேச்சு நடக்கிறது என்றால் இதையும் கணக்கில் வைத்துக்கொண்டு முடிவெடுங்கள்.

குடும்பம் என்றால் கணவன், மனைவி, 18 வயது ஆகாத பிள்ளைகள். ஒரு குடும்பத்துக்கு ஒரு 6,000 தான். கணவன் பெயரிலும் மனைவி பெயரிலும் தனித்தனிப் பட்டா இருந்தாலும் ஒருவர்தான் வாங்க வேண்டும். இருவரும் வாங்கினால் ஒருநாள் மொத்தமாகத் திருப்பிக் கேட்பார்கள். ஆனால் 18 வயது தாண்டிய மகன் தனிக் குடும்பம். மகன் அரசு வேலையில் இருக்கிறான், வருமான வரி கட்டுகிறான் என்பதற்காக அப்பாவுக்கு மறுக்க முடியாது.

ஊரில் உலவும் வேறு சில பேச்சுகளும் தவறு. 5 ஏக்கருக்குமேல் இருந்தால் கிடையாது என்பது தொடக்கத்தில் இருந்த விதி. 2019 ஜூனிலேயே அதை எடுத்துவிட்டார்கள். நூறு நாள் வேலைக்குப் போனால் கிடையாது, முதியோர் உதவித்தொகை வாங்கினால் கிடையாது என்பதெல்லாம் விதியில் இல்லை. மாதம் 10,000 ரூபாயோ அதற்கு மேலோ ஓய்வூதியம் வாங்குபவர்களுக்குத்தான் கிடையாது. அதிலும் கடைநிலை ஊழியராக இருந்து ஓய்வுபெற்றவருக்கு இந்தத் தடை இல்லை. வருமான வரி விஷயத்திலும் விதி சொல்வது போன ஆண்டு வரி கட்டியவரைத்தான். வண்டிக் கடனுக்காகக் கணக்கு மட்டும் தாக்கல் செய்து, ஒரு ரூபாயும் வரி கட்டாதவரை நீக்கினால் மனுக் கொடுங்கள்.

தமிழ்நாட்டில் விவசாயிகளுக்குத் தனித்துவ அடையாள எண் கொடுக்கிறார்கள். ஆதார், பட்டா, ஆதாரோடு இணைந்த மொபைல் மூன்றையும் கொண்டுபோய் இலவசமாகப் பதிந்துகொள்ளுங்கள். பி.எம். கிசானுக்கும் இந்த எண்ணைக் கேட்கிறார்கள், கடைசி நேரத்தில் ஓடாதீர்கள். வாட்ஸ்அப்பில் 'பி.எம். கிசான்' என்ற பெயரில் ஏ.பி.கே. ஃபைல் (போனில் செயலியை நிறுவும் கோப்பு) வந்தால் தொடவே வேண்டாம், கணக்கில் உள்ளதும் போய்விடும். இணையதளத்தில் 'வாலன்டரி சரண்டர்' என்று ஒன்று இருக்கும். எனக்குப் பணம் வேண்டாம் என்று எழுதிக் கொடுப்பது அது. புரியாமல் அதை அழுத்திவிட்டு அலைபவர்கள் இருக்கிறார்கள்.

தவறு எந்தக் கதவில் என்று தெரிந்த பிறகு, நிலம் சம்பந்தப்பட்டது என்றால் புதிய சிட்டாவோடு வட்டார வேளாண்மை விரிவாக்க மையத்துக்குப் போங்கள். வாயால் சொல்லிவிட்டு வராதீர்கள். ஒரு பக்கத்தில் மனு எழுதுங்கள்: பதிவு எண், பழைய பட்டா எண், புதிய பட்டா எண், எந்தத் தவணையிலிருந்து வரவில்லை. இரண்டு பிரதி எடுத்து ஒன்றில் கையெழுத்தும் தேதியும் வாங்குங்கள். வாங்க மறுத்தால் பதிவுத் தபாலில் அனுப்புங்கள். 155261 என்ற உதவி எண்ணிலும் புகாரைப் பதியுங்கள். மாதம் ஒருமுறை ஆட்சியர் அலுவலகத்தில் விவசாயிகள் குறைதீர் கூட்டம் நடக்கும். வேளாண்மை, வருவாய் இரண்டு துறை அதிகாரிகளும் ஒரே அறையில் உட்கார்ந்திருக்கும் நாள் அது. "அந்த ஆபீஸுக்குப் போங்க" என்று சொல்ல அன்று வழியில்லை.

மனுவில் இன்னொரு வரியைச் சேருங்கள்: "நின்றுபோன தவணைகளையும் சேர்த்து வழங்க வேண்டும்." தகுதி இருந்தும் பதிவில் உள்ள பிழையால் நின்ற தவணைகளைப் பிழை சரியானதும் தர வேண்டும் என்பது விதி. இதை யாரும் தாமாகச் சொல்ல மாட்டார்கள். ஆனால் பதிவு செய்வதற்கு முந்தைய காலத்துக்குக் கேட்க முடியாது. தகுதி உள்ளவர் இன்னும் பதியாமல் இருந்தால், தள்ளிப்போடும் ஒவ்வொரு நான்கு மாதத்துக்கும் 2,000 ரூபாய் போகிறது.

அந்த அம்மாவின் மனுவையும் இப்படித்தான் எழுதினோம். அலுவலகத்தில் முதலில் வாங்கிக்கொண்டு "சரி, போங்க" என்றார்கள். அவர் போகவில்லை. இரண்டாவது பிரதியை மேசைமேல் வைத்துக்கொண்டு, கையெழுத்து விழும்வரை நின்றார். மஞ்சள் பையில் இப்போது அந்தப் பிரதிதான் எல்லாவற்றுக்கும் மேலே இருக்கிறது. அடுத்த குறைதீர் கூட்டத்துக்கு அதை எடுத்துக்கொண்டு போகிறார்.