ஏர்த் கம்பியும் ஒரு சின்ன 'தே'யும்

ஸ்பெயினில் சில வருடம் வயரிங் வேலை பார்த்துவிட்டு ஊருக்குத் திரும்பியவன் நான். இப்போது கிளிநொச்சியில் வீட்டிலிருந்தே மோட்டர், இன்வெர்ட்டர், தண்ணீர்ப் பம் போன்றவற்றின் ஆங்கிலக் கையேடுகளை ஸ்பானிய மொழிக்கு மாற்றிக் கொடுக்கிறேன். அண்மையில் சில பிள்ளைகள் வந்து, "அண்ணா, நாங்களும் ஒன்லைனில் இந்த வேலை செய்யப்போறம், கம்ப்யூட்டர் மாத்தித் தரும்தானே, நாங்கள் திருத்தினால் காணும்" என்றார்கள். மின்சாரத்தில் மட்டும் அப்படி இறங்காதீர்கள்.

நான் விட்ட பிழையையே சொல்கிறேன். ஆர்ஜென்டினாவுக்குப் போகிற ஒரு பம்மின் கையேடு. ஆங்கிலத்தில் 'சேர்க்கிட் பிரேக்கர்' என்று வந்த இடமெல்லாம் அகராதியை நம்பி 'திஸ்யுந்தோர்' என்று போட்டுவிட்டேன். ஆர்ஜென்டினாவில் திஸ்யுந்தோர் என்றால் கரன்ட் கசிந்தவுடன் அறுத்துவிடுகிற கருவி, அதாவது நாங்கள் ட்ரிப் சுவிச் என்கிறோமே, அது. அதையே ஸ்பெயினில் திஃபெரென்சியால் என்பார்கள். பிரேக்கருக்கு ஆர்ஜென்டினாக்காரர் சொல்வது தெர்மிகா. சரிபார்த்தவர் அந்த நாட்டுக்காரர் என்பதால் அச்சுக்குப் போகுமுன் பிடிபட்டது.

இது பெயர்ச் சண்டை இல்லை. வீட்டு ட்ரிப் சுவிச் 30 மில்லியம்பியர் கசிந்தாலே அறுக்கும், ஆளைக் காப்பாற்றும். ஆனால் மோட்டர் இறுகி, அளவுக்கு மீறி கரன்ட் இழுத்து, வயர் உருகுகிற நிலைக்கு வந்தாலும் அது பேசாமல் நிற்கும், ஏனென்றால் போன கரன்ட் முழுக்கத் திரும்பி வருகிறது, கசிவு இல்லை. அங்கே அறுக்க வேண்டியது பிரேக்கர். என் கையேட்டை வாசித்து ஒருவர் ட்ரிப் சுவிச்சை மட்டும் பூட்டியிருந்தால்?

இன்னொரு சோடி இருக்கிறது, இன்றைக்கும் அதை மூன்று தரம் வாசிக்காமல் நான் அனுப்புவதில்லை. அமெரிக்க மின் விதிகளில் 'கிரவுண்டட் கண்டக்டர்' என்பது பெரும்பாலும் நியூட்ரல், அதாவது கரன்ட் திரும்பிப் போகிற வயர்; 'கிரவுண்டிங் கண்டக்டர்' என்பது ஏர்த், அதாவது கருவியின் உடலை நிலத்தோடு இணைக்கிற வயர். ஸ்பானிய மொழியில் முதலாவது 'கொந்துக்தோர் புவெஸ்தோ ஆ தியெர்ரா', இரண்டாவது 'கொந்துக்தோர் தே புவெஸ்தா ஆ தியெர்ரா'. நடுவில் ஒரு 'தே', கடைசியில் 'தோ' 'தா' ஆகிறது, அவ்வளவுதான். அது மாறினால் வாசிக்கிறவர் மோட்டரின் இரும்பு உடலை நியூட்ரலில் கட்டுவார். பிறகு எங்காவது நியூட்ரல் அறுந்த அன்று அந்த உடலைத் தொடுகிறவருக்கு அடி விழும்.

நிறமும் அப்படித்தான். அமெரிக்க முறையில் கறுப்பு வயர் கரன்ட் கொண்டுவருகிற லைவ், எங்கள் பழைய வீடுகளில் கறுப்பு நியூட்ரல். 'கறுப்பு' என்ற சொல்லைச் சரியாக மாற்றினால் மட்டும் போதாது.

தமிழிலும் இந்த ஆபத்து இருக்கிறது. போன போகத்தில் ஒட்டுசுட்டான் பக்கத்து விவசாயி ஒருவர் வேலிக்குப் பூட்டுகிற எனர்ஜைசர் பெட்டி ஒன்றைக் கொண்டுவந்தார். கையேடு ஆங்கிலத்திலும் ஸ்பானிய மொழியிலும். ஸ்பெயினில் அந்தக் கருவியை 'பாஸ்தோர் எலெக்திரிகோ' என்பார்கள், மின்சார மேய்ப்பன். நாங்களோ இந்தப் பெட்டி பூட்டி யானைக்குப் போடுகிற வேலியையும், பன்றிக்கென்று வீட்டு லைனிலிருந்து நேரே இழுத்துக் கட்டுகிற கம்பியையும் மின்வேலி என்ற ஒரே சொல்லால் சொல்கிறோம். அவரும் கேட்டார்: "அண்ணை, ரெண்டும் மின்வேலிதானே, பெட்டி பழுதானால் லைனில நேர குடுக்கலாமோ?"

பெட்டி கொடுப்பது ஆயிரக்கணக்கான வோல்ட்தான், ஆனால் நொடிக்கு ஒரு தரம்போல, கண் இமைப்பதற்குள் முடிந்துவிடும். யானை வெருண்டு திரும்பும், சாகாது. நேர் லைனில் 230 வோல்ட் விடாமல் ஓடும், தசை இறுகி, பிடித்த கை விடாது. அது சட்டவிரோதமும்கூட. எங்கள் காணிகளில் அந்தக் கம்பியில் யானையும் செத்திருக்கிறது, மனிதரும் செத்திருக்கிறார்கள்.

அன்று கையேடு முழுவதையும் நான் மொழிபெயர்க்கவில்லை. ஒரு மட்டையில் பெட்டியையும் கம்பியையும் கீறி, மின்வேலி என்ற சொல்லே வராமல், 'இந்தப் பெட்டி இல்லாமல் இந்தக் கம்பிக்குக் கரன்ட் குடுக்கக்கூடாது' என்று எழுதிக் கொடுத்தேன். பம் அறைக் கதவில் அதை ஆணியடித்து வைத்திருக்கிறார்.