தூக்கிக்கொள்ள ஆளில்லாத குழந்தைகள்

சிறு வயதில் பட்ட காயம் என்றதும் அடியும் உதையும் பாலியல் கொடுமையும்தான் நம் நினைவுக்கு வருகின்றன. யாருமே அடிக்காமல், வேளாவேளைக்குப் பால் கொடுத்து, கூரைக்குக் கீழே படுக்க வைத்தும் ஒரு குழந்தையை ஆயுளுக்கும் காயப்படுத்த முடியும். ருமேனியாவின் காப்பகங்களில் வளர்ந்த குழந்தைகளைப் பல ஆண்டுகள் பின்தொடர்ந்த ஆய்வுகள் இதைத்தான் காட்டுகின்றன.

மக்கள்தொகையைப் பெருக்க வேண்டும் என்று 1966இல் ருமேனியாவை ஆண்ட சௌஷெஸ்குவின் அரசு கருக்கலைப்புக்குத் தடை விதித்தது. வளர்க்க வழியில்லாத குடும்பங்கள் பிள்ளைகளை அரசுக் காப்பகங்களில் விட்டன. 1989 டிசம்பரில் ஆட்சி கவிழ்ந்தபோது அந்தக் கட்டடங்களில் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட குழந்தைகள் இருந்தார்கள். பத்துப் பன்னிரண்டு பிள்ளைகளுக்கு ஒரு பணிப்பெண். அவரும் ஷிப்ட் முடிந்தால் மாறிவிடுவார். பார்க்கச் சென்றவர்களைத் திடுக்கிட வைத்தது அங்கிருந்த அமைதி. தொட்டில்கள் நிறைந்த அறையில் அழுகுரலே இல்லை. அழுதால் யாரும் வருவதில்லை என்று கண்டுகொண்ட குழந்தை அழுவதை விட்டுவிடுகிறது.

பிறந்த குழந்தையின் மூளை முழுதாகக் கட்டி முடிக்கப்பட்டு வருவதில்லை. முதல் சில ஆண்டுகளில் நரம்பிணைப்புகள் தேவைக்கு அதிகமாகவே முளைக்கின்றன. புழங்குபவை வலுப்பெறுகின்றன, புழங்காதவை உதிர்கின்றன. குழந்தை “ங்கா” என்கிறது, தாய் முகம் மலர்ந்து ஏதோ சொல்கிறாள், குழந்தை மறுபடி குரல் கொடுக்கிறது. நாளெல்லாம் நடக்கும் இந்தப் பேச்சுதான் மொழிக்கும் கவனத்துக்கும் உறவுக்குமான நரம்புச் சுற்றுகளைப் புழக்கத்தில் வைத்திருக்கிறது. கூரையையே பார்த்துக்கொண்டு கிடக்கும் குழந்தைக்கு அந்தப் புழக்கம் வாய்ப்பதில்லை.

பயத்தைக் கையாளும் அமைப்பும் இதே காலத்தில்தான் பழகுகிறது. ஆபத்தை உணர்ந்தால் மூளையின் ஹைப்போதலாமஸ் என்ற பகுதி அதன் கீழுள்ள பிட்யூட்டரி சுரப்பியைத் தூண்டுகிறது. அது சிறுநீரகங்களின் மேல் அமர்ந்திருக்கும் அட்ரீனல் சுரப்பிகளைத் தூண்ட, கார்டிசோல் என்ற பதற்ற ஹார்மோன் சுரக்கிறது. பெரியவர்களின் மூளை, ஆபத்து தீர்ந்ததும் இதைத் தானே அடக்கிவிடும். கைக்குழந்தையால் அது முடியாது. யாராவது தூக்கி மார்போடு அணைத்தால்தான் அடங்கும். அணைப்பவர் இல்லாமலே மாதங்கள் போனால் அந்த அமைப்பின் அளவீடே மாறிவிடுகிறது. சிலரிடம் அது எதற்கெடுத்தாலும் பொங்குகிறது. சிலரிடம் எழ வேண்டிய நேரத்திலும் எழாமல் மரத்துப்போகிறது.

2000ஆம் ஆண்டு சார்லஸ் நெல்சன், நேதன் ஃபாக்ஸ், சார்லஸ் ஜீனா ஆகிய மூன்று அமெரிக்க ஆய்வாளர்கள் ருமேனியத் தலைநகர் புக்காரெஸ்டின் ஆறு காப்பகங்களில் 136 குழந்தைகளைத் தேர்ந்தெடுத்தார்கள். எல்லோரும் 6 முதல் 31 மாத வயதினர். அந்நாட்டில் வளர்ப்புக் குடும்ப ஏற்பாடு அப்போது இல்லாததுபோலத்தான் இருந்தது. ஆய்வாளர்களே குடும்பங்களைத் தேடிப் பயிற்சியும் பணமும் கொடுத்தார்கள். 68 பேர் குடும்பங்களுக்குப் போனார்கள், 68 பேர் வழக்கமான பராமரிப்பில் தொடர்ந்தார்கள். யார் எங்கே என்பதைச் சீட்டுக் குலுக்கல்தான் முடிவு செய்தது. படிக்கும்போதே நெஞ்சு கனக்கிறது. ஆனால் காப்பகத்தைவிடக் குடும்பமே நல்லது என்ற கருத்தை அந்நாட்டு அதிகாரிகள் பலர் அன்று ஏற்கவில்லை. வேறு இடம் கிடைத்தால் எந்தக் குழந்தையும் காப்பகத்தை விட்டுப் போகலாம் என்ற விதியும் இருந்தது. குலுக்கல் இல்லாமல் அந்த அதிகாரிகளின் வாதத்தை அசைத்திருக்க முடியாது என்றே நினைக்கிறேன்.

நான்கரை வயதில் காப்பகக் குழுவின் சராசரி நுண்ணறிவு ஈவு (IQ) 73, வளர்ப்புக் குடும்பக் குழுவுக்கு 81, சொந்த வீட்டில் வளர்ந்த புக்காரெஸ்ட் குழந்தைகளுக்கு 109. பன்னிரண்டு வயதையொட்டி, பிறர் முன்னிலையில் பேசச் சொல்வது போன்ற பதற்றமூட்டும் சோதனைகளை வைத்தார்கள். காப்பகக் குழுவில் கார்டிசோல் சரியாக எழவே இல்லை. இரண்டு வயதுக்கு முன் குடும்பத்துக்குப் போனவர்களிடம் அது வீட்டில் வளர்ந்த பிள்ளைகளைப் போலவே எழுந்தது. மூளையின் பகுதிகளை இணைக்கும் நரம்பிழைகளான வெண்பொருளும் குடும்பம் கிடைத்தவர்களிடம் பெருமளவு மீண்டிருந்தது. நரம்பணுக்கள் செறிந்த சாம்பல் பொருள் மீளவில்லை. கவனக்குறைவுக் கோளாறும் குறையவில்லை. ஒன்று திரும்பும், இன்னொன்று திரும்பாது. ஒவ்வொரு சுற்றுக்கும் அதற்கென ஒரு காலம் இருக்கிறது.

ருமேனியாவிலிருந்து இங்கிலாந்துக்குத் தத்துப்போன குழந்தைகளைப் பின்தொடர்ந்த இன்னோர் ஆய்வின் ஒரு முடிவு 2020இல் வெளியானது. இருபதுகளின் நடுவில் இருந்த அவர்களின் மூளையின் கன அளவு, இங்கிலாந்திலேயே பிறந்து தத்தெடுக்கப்பட்டவர்களைவிடச் சராசரியாக 8.6 சதவீதம் சிறியதாக இருந்தது. நல்ல வீட்டில் இருபது ஆண்டுகளுக்கு மேல் வளர்ந்த பிறகும்! காப்பகத்தில் கழிந்த மாதங்கள் கூடக்கூட அளவு குறைந்தது. ஆனால் ஆறு மாதத்துக்கு மேல் அங்கே கிடந்தவர்களிலும் ஏறத்தாழ ஐந்தில் ஒருவர் எந்த மனநலச் சிக்கலும் இன்றி வளர்ந்திருக்கிறார். தத்தெடுத்த பெற்றோர் சோர்ந்துபோகும் நாளில் இந்தச் செய்தி அவர்களுக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

2004இல் ருமேனியா இரண்டு வயதுக்குட்பட்ட குழந்தைகளைக் காப்பகத்தில் விடுவதைச் சட்டத்தால் தடுத்தது. பின்னர் வயது வரம்பை உயர்த்தவும் செய்தது. கடும் ஊனமுற்ற குழந்தைகளுக்கு மட்டும் அந்தச் சட்டத்தில் விலக்கு வைத்தார்கள். இதை என்னால் ஏற்க முடியவில்லை. மற்ற குழந்தைகளைவிட அதிக நேரம் யாராவது தூக்கி வைத்துக்கொள்ள வேண்டியவர்கள் அவர்கள்தாம்.